உப்புக்காற்று வீட்டில் பிரண்டை: நடுவது முதல் துவையல் வரை

ராமநாதபுரம் கடற்கரையில் கீரைப்பாத்தி போட்டுப் பலன் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வைகாசி பிறந்துவிட்டால் கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து முளைத்த தண்டுக்கீரையை மூடிவிடும். கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்ப்பு ஏறிக் கிடக்கும். மழை என்று நம்பினால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு வருடம் முழுக்க முகம் காட்டாது. இந்த ஊரில் மனம் கோணாமல் வளர்ந்து, வாரம் ஒருநாள் சமைக்கவும் கொடுக்கிற ஒரு செடியைக் கேட்டால் நான் பிரண்டையைத்தான் சொல்வேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வரைக்கும் கடலோர ஊர்களில் வீடு வீடாகப் போய் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணிச் சுற்றிக்கொண்டு, வெறும் வயிற்றோடு விடியலில் கடலில் இறங்குவார்கள். மத்தியானம் கரையேறினால் பசி செத்துப்போயிருக்கும். "சோத்தைப் பார்த்தாலே குமட்டுதுக்கா" என்பதை எத்தனையோ வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் வீட்டு வேலியிலேயே பிரண்டை படர்ந்து கிடக்கும், ஆனால் சமைக்க மாட்டார்கள். அரிக்கும் என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சரியான செடியா என்று பாருங்கள்

சமையலுக்கு எடுப்பது சதுரப் பிரண்டை. தண்டில் நான்கு பட்டை இருக்கும். விரல் நீளத்துக்கு ஒரு கணு. கணுவின் ஒரு பக்கம் தடித்த இலை, அதற்கு நேர் எதிரில் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி. திராட்சைக் குடும்பத்துக் கொடி இது. அறிவியலில் சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ் என்பார்கள், சித்த மருத்துவர்கள் வச்சிரவல்லி என்பார்கள். சின்னப் பூக்கள் பூத்து, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாகச் சிவப்புப் பழம் காய்க்கும். பழத்தை நாம் தின்பதில்லை, அதுவும் அரிக்கும். முப்பட்டையாகவும் உருண்டையாகவும் தட்டையாகவும் வேறு பிரண்டைகள் உண்டு. அவை வைத்தியர் கைக்கு. நமக்குச் சதுரம் போதும்.

காட்டில் இருந்து ஒடித்துக்கொண்டு வருபவர்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பொட்டலில் சதுரக்கள்ளியும் நிற்கும். அதற்கும் பட்டைத் தண்டுதான். ஒடித்துப் பாருங்கள்: வெள்ளையாகப் பால் வடிந்தால் அது கள்ளி, தொடாதீர்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். பிரண்டையில் பால் வராது. கொழகொழவென்று நிறமில்லாத சாறுதான் கசியும். இன்னொன்று கள்ளிமுளையான், அதுவும் நான்கு பட்டை, தரையோடு குட்டையாக நிமிர்ந்து நிற்கும், பற்றுக்கம்பி இருக்காது. அதைத் தின்பவர்கள் உண்டு, ஆனால் அது பிரண்டை இல்லை. பாலும் வரக்கூடாது, பற்றுக்கம்பியும் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் கூடையில் போட வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் கருவைப் புதர் மேல் படர்ந்து கிடப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். வண்டிப் புகை, குப்பை, நாய், எல்லாம் அதன் மேல்தான். நாற்றுக்கு வேண்டுமானால் அங்கே இரண்டு துண்டு ஒடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட வீட்டில் வளர்ப்பதே சரி.

நடுவது

விதை எல்லாம் வேண்டாம், தண்டு போதும். விரல் கனத்துக்கு முற்றிய தண்டாகப் பார்த்து, இரண்டு மூன்று கணு வரும்படி வெட்டுங்கள். எது மேல்பக்கம் என்று நூல் கட்டி வைத்தால் குழப்பம் வராது. வெட்டிய உடனே மண்ணில் செருகக் கூடாது. நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டுவைத்தால் வெட்டுவாய் உலர்ந்து மூடிக்கொள்ளும். பச்சைக் காயத்தோடு ஈர மண்ணில் போனால் அழுகும். அப்புறம் ஒரு கணு முழுவதும் மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து விட்டுவிடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும்.

ஆவணி, புரட்டாசியில் நடுவதுதான் எனக்குப் பிடித்தது. வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்திருக்கும். மழைத் தண்ணீர் முழுவதையும் குடித்து, தை மாதத்தில் தளதளவென்று நிற்கும். அப்போது தவறவிட்டவர்கள் மாசியிலும் நடலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மண் விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது உப்பு. அலையடிக்கும் இடத்து மணலைச் சாக்கில் அள்ளி வந்து தொட்டியில் கொட்டாதீர்கள். தேரிக்கு, அதாவது மணல்மேட்டுக்கு உள்பக்கம், பல மழை கழுவிய மணல் பரவாயில்லை. அதில் இரண்டு பங்கு, கண்மாய்க் கரம்பையோ (கண்மாயில் படியும் வண்டல்) செம்மண்ணோ ஒரு பங்கு, மக்கிய ஆட்டுப்புழுக்கை ஒரு பங்கு. தொட்டி என்று தனியாக வாங்க வேண்டாம். பழைய பெயிண்ட் வாளி, உடைந்த குடம், சிமெண்ட் சாக்கு எதுவானாலும் அடியில் ஓட்டை போட்டு ஓட்டுச்சில் பரப்பினால் சரி. ஓட்டை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் பிரண்டை அடியிலிருந்து பழுப்பாகி, தொட்டால் அமுங்கும். அப்படி ஆனால் அழுகிய பாகத்துக்கு மேலே, நல்ல தண்டில் வெட்டி, உலர்த்தி, புது மண்ணில் நட்டுவிடுங்கள். அழுகிய மண்ணை அதே வாளியில் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

தண்ணீர் குறைவாகத்தான் கேட்கும். இதன் தண்டு பகல் வெயிலில் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கிறது. சப்பாத்திக்கள்ளியும் இப்படித்தான். அதனால் உள்ளே இருக்கும் ஈரம் வீணாவதில்லை. கோடையில் இலையை உதிர்த்துவிடும், அதைப் பார்த்துப் பட்டுப்போய்விட்டது என்று பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தண்டு பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா? அப்படியானால் செடி நன்றாக இருக்கிறது. கோடையில் வாரத்துக்கு ஒருமுறை, மேல்மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் ஒரு சொட்டும் வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில், கோடை முழுக்க அதையே ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதற்கு எளிய வைத்தியம் மழைதான். ஐப்பசியில் தொட்டியைக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நகர்த்தி வையுங்கள். மேலே விழுந்து அடியில் ஓடும் தண்ணீர் ஒரு வருட உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இனி இடம். உச்சி வெயிலில் நிற்கும் பிரண்டை சாகாது, ஆனால் மஞ்சள் பாரித்து, கணு குறுகி, நார் ஏறிவிடும். அடுப்படிக்கு வேண்டிய இளந்தண்டு கிடைப்பது அரை நிழலில்தான். முருங்கை அடி, பூவரசு வேலியோரம், வீட்டின் கடல் பார்க்காத பக்கம் நல்லது. கொடி ஏற எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் பழைய வலை கிடக்கும். அதைச் சுவரில் ஆணி அடித்துக் கட்டினால் பற்றுக்கம்பி தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு வலையை மட்டும் கட்டாதீர்கள். ஓணானும் அணிலும் அதில் சிக்கித் தவிக்கும், பார்க்கச் சகிக்காது. தடித்த நூல் வலையோ, நங்கூரக் கயிற்றின் பழைய துண்டுகளோ போதும்.

பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. கணு இடுக்கில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி அப்பினால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக்கரைசல் கலந்து துணியால் துடைத்து விடுங்கள். மழைக்காலத்தில் வாலில் கொம்பு வைத்த தடித்த புழு வந்து இளந்தளிரை மொட்டையடிக்கும். மருந்தடிக்க வேண்டாம். நாம் தின்னப்போகும் தளிர் அது. காலையில் இரண்டு நிமிடம் தேடினால் கையோடு எடுத்துவிடலாம்.

நட்ட ஆறு மாதத்துக்கு வெட்டாமல் விடுங்கள். அதற்குப் பிறகு வெட்ட வெட்டக் கிளைக்கும். வெட்டாமல் விட்டால்தான் முற்றிக் கயிறாகிவிடும்.

ஒடிப்பதும் ஆய்வதும்

அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட். ஊசி ஊசியான நுண்ணிய படிகங்களாகத் தண்டுக்குள் இருக்கிறது. தோலிலும் நாக்கிலும் தொண்டையிலும் குத்துவது அதுதான். "பெத்த வயித்துல பிரண்டையை வச்சுக் கட்டணும்" என்று பிள்ளைகளால் நொந்த தாய்மார் சொல்வார்களே, ஒருமுறை வெறுங்கையால் பிரண்டை ஆய்ந்தவர்களுக்கு அந்த வலி புரியும். ஆனால் முறையாகச் செய்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் துவையலைச் சோற்றில் பிசைந்து தின்னும்.

நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரைக்கும்தான் எடுக்க வேண்டும். கையால் வளைத்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் இளசு. வளைந்து, நாரில் தொங்கினால் முற்றல், அதைக் கொடியிலேயே விட்டுவிடுங்கள், இல்லை நாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய உட்காரும் முன் இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் மட்டும் இல்லை, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும். அரிப்பு முதலில் தெரிவது விரல் இடுக்கில்தான். இலையையும் பற்றுக்கம்பியையும் கிள்ளிப் போடுங்கள். இனி கணுவை நீக்க வேண்டும். கணுவுக்கு மேலும் கீழும் ஒரு நெல் அளவு விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். ஆனால் முழுவதும் துண்டாக்காமல், ஒரு பக்கத்துத் தோலில் நிறுத்தி அப்படியே கீழே இழுத்தால், பட்டையின் விளிம்பில் ஓடும் நார் நூலாகப் பிரிந்து வரும். நான்கு பட்டைக்கும் நான்கு இழுப்பு. நார் உரிந்த இடத்தில் வெளிறிய பச்சையில் ஒரு கோடு தெரியும், லேசாக ஈரம் மினுங்கும். சிலர் நாரை உரிக்காமல் மிக்ஸியில் விட்டு அரைத்துவிடலாம் என்பார்கள். அரைபடும், ஆனால் தொண்டையில் தங்கும். இந்த ஒரு வேலையில் சோம்பல் பட்டவர்கள்தான் பிறகு பிரண்டையைக் குறை சொல்வது.

உரித்ததை அரை விரல் நீளத்துக்கு நறுக்கி, புளிக்கரைசலிலோ புளித்த மோரிலோ அரைமணி நேரம் போட்டு வடித்துவிடுங்கள். இளசாக இருந்தால் இதை விட்டுவிடலாம். வீட்டில் முதன்முறையாகச் சமைப்பவர்கள் விடாதீர்கள்.

கை அரித்தால் சொறியக் கூடாது. புளியைக் கரைத்துத் தேய்த்துக் கழுவி, தேங்காயெண்ணெய் போட்டால் சற்று நேரத்தில் அடங்கும்.

துவையல்

நான்கு பேருக்கு, ஆய்ந்து நறுக்கிய பிரண்டை இரண்டு கைப்பிடி. அதோடு உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, நம்மூர் முண்டு மிளகாய் ஆறு, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல், சின்ன நெல்லிக்காய் அளவு புளி, தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, கட்டிப் பெருங்காயம் கொஞ்சம், உப்பு, நகத்தளவு கருப்பட்டி. நல்லெண்ணெய் தாராளமாக இருக்கட்டும். எண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்தால் பிரண்டை பழிவாங்கும்.

முண்டு மிளகாயை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய் அது. தோல் தடித்தது, காரம் நாக்கைச் சுடாமல் நின்று வரும். நீள மிளகாய் போட்டால் காரம் முந்திக்கொண்டு பிரண்டையின் மணத்தை அடித்துவிடுகிறது.

உளுந்து, மிளகாய், பெருங்காயத்தை முதலில் எண்ணெயில் சிவக்க வறுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டியில் மறுபடி இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, பிரண்டையைப் போட்டு மிதமான தீயில் வதக்குங்கள். முதலில் பளிச்சென்ற பச்சையாகும். பலர் இங்கே ஏமாந்து இறக்கிவிடுவார்கள். இன்னும் வதக்குங்கள். கொழகொழப்பு வற்றி, துண்டுகள் சுருங்கி, பச்சை மங்கிப் பழுப்பு மஞ்சளுக்கு வரும். ஓரம் லேசாக முறுகும். பச்சை வாடை போய் வறுத்த வாடை வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பக்கத்து வீட்டு லாத்தா, அதாவது முஸ்லிம் வீட்டு அக்கா, கீழக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். "தங்கச்சி, பிரண்டை வதங்குற வரைக்கும் வாசல்ல யார் கூப்பிட்டாலும் போகாதே" என்பார். அவர் சொல்வது சரி.

அதற்குப் பிறகு வெங்காயம், பூண்டு, புளியைப் போட்டு வதக்கி, கடைசியில் தேங்காயை ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். லாத்தா தேங்காயைத் துருவாமல் கீற்றாக அடுப்பில் சுட்டுச் சேர்ப்பார், அந்தக் கரிந்த மணம் பிரண்டைக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆறியதும் உப்பு, கருப்பட்டி வைத்துக் கெட்டியாக அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மி. மிக்ஸியானால் உளுந்தை மட்டும் கடைசியில் போட்டு நறநறப்பாக நிறுத்துங்கள்.

சுடு சோற்றில் நல்லெண்ணெய் விட்டு முதல் கவளத்துக்கு இதைப் பிசைந்து சாப்பிட வேண்டும். பசி எடுக்காமல் கிடக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: ஒரு மேசைக்கரண்டி துவையல், ஒரு கைப்பிடி சோறு, அப்புறம் மற்றக் குழம்பெல்லாம்.

ராமேஸ்வரத்தில் திதிச் சமையல் செய்யும் வீடுகளுக்கு இந்தத் துவையல் இல்லாமல் ஆகாது. பாகற்காய் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலாக்காய் அறுநூறு என்று வசிட்டர், விசுவாமித்திரர் கதையோடு கணக்குச் சொல்வார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தின நாள் கட்டுக்கட்டாகப் பிரண்டை வந்து இறங்கும். கொடி நன்றாகப் படர்ந்திருக்கும் வீட்டுக்காரர்கள் அந்தச் சமயத்தில் விற்கவும் செய்யலாம்.

மற்றச் சமையலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புளிக்குழம்பில் கத்தரிக்காய்க்குப் பதில், எண்ணெயில் நன்றாக வதக்கிய பிரண்டைத் துண்டு போடலாம். என் வீட்டில் நெத்திலிக் கருவாடும் சேர்ப்பேன். நறுக்கிய பிரண்டையை உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இரவு மறுபடி மோரில் போட்டு, மோர் தீரும் வரை இப்படியே செய்தால் வற்றல். பங்குனி, சித்திரை வெயிலுக்கு ஏற்ற வேலை அது. உளுந்து அப்பளத்துக்கு மாவு பிசையும்போது பிரண்டைச் சாற்றைக் கொதிக்கவைத்து வடிகட்டிச் சேர்ப்பது பழைய பழக்கம். அப்பளம் நன்றாகப் பொரிந்து வரும்.

மருந்தாக எவ்வளவு நம்பலாம்

இங்கே நான் செவிலியராகப் பேச வேண்டியிருக்கிறது.

பசியின்மைக்கும் வாயுவுக்கும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள், நானும் சாப்பிடுகிறேன், கொடுக்கிறேன். வாரம் ஒருநாள், அதிகம் போனால் இரண்டு நாள். துவையல் என்ற அளவில் அதுவே போதுமான மருந்து.

எலும்பு ஒட்டும் என்ற பேர் பிரண்டைக்குப் பெரிதாக உண்டு. வடக்கே 'ஹட்ஜோட்' என்றே இதைக் கூப்பிடுகிறார்கள். 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாத்தும் விலங்குகளின் எலும்பு முறிவில் இதைச் சோதித்து, முறிவு விரைவாகக் கூடுவதாக எழுதினார்கள். அது நல்ல சேதிதான். ஆனால் அவர்கள் கொடுத்தது பக்குவப்படுத்திய சாரம், நம் துவையல் இல்லை. படகில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கினால் முதலில் எக்ஸ்ரே. எலும்பு விலகியிருந்தால் அதை நேராக வைத்துக் கட்ட வேண்டும், எந்தக் கொடியும் அதைச் செய்யாது. கட்டுப் போட்ட பிறகு துவையல் சாப்பிடுங்கள், தடை இல்லை. வெறும் சுளுக்கு என்று உறுதியானால், பிரண்டையை இடித்துப் புளியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் பற்றுப் போடலாம். தோல் கிழிந்த இடத்தில் கூடாது. எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும்.

மூலத்துக்கும் இதைச் சொல்வார்கள். தாய்லாந்திலும் அதே நம்பிக்கை, அங்கே வாழைப்பழத்தில் பொதித்து விழுங்குகிறார்கள். ஆனால் அந்த நாட்டில் மூலம் திடீரென்று கிளம்பி அவதிப்பட்ட நோயாளிகளிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், பிரண்டை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் ரத்தம் போகிறவர்கள் பிரண்டையை நம்பி நாள் கடத்த வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் மூலத்தால்தான் வருகிறது என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று. பிரண்டையில் சுண்ணாம்புச்சத்து நிறைய என்று சொல்லி, மூட்டுவலிக்காரர்கள் பாலையும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். சத்து இருப்பது உண்மை. அதில் ஒரு பங்கு ஆக்சலேட்டோடு கட்டுண்டு கிடக்கிறது, உடம்பில் சேராது. நம் கடற்கரைக்காரர்களுக்குச் சுண்ணாம்புச்சத்து முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியிலும் சூடையிலும் இருக்கிறது. கூடவே கேழ்வரகு, தயிர். எலும்புக்கு நெத்திலி, பசிக்குப் பிரண்டை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தில் கல் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள் பிரண்டையைத் தவிர்ப்பது நல்லது, ஆக்சலேட்தான் காரணம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நான் கொடுப்பதில்லை. சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கடையில் விற்கும் பிரண்டை மாத்திரை, பொடி எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பிரண்டையை எரித்துச் சாம்பலாக்கிக் கரைத்து எடுக்கும் பிரண்டை உப்பு சித்த மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டியது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் சித்தப் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள். வீட்டில் காய்ச்சிப் பார்க்காதீர்கள்.

பச்சைச் சாற்றைக் குடிக்கச் சொல்லி யாராவது சொன்னால், எத்தனை லட்சம் பேர் பார்த்த வீடியோவாக இருந்தாலும், கேட்காதீர்கள். விளையாட்டாகப் பச்சைத் தண்டைக் கடித்த ஒரு பையனை என் பணிக்காலத்தில் பார்த்தேன். உதடு தடித்து, எச்சில் விழுங்க முடியாமல் அழுதான். அப்படி ஆனால் வாயைப் பலமுறை கொப்பளிக்கவைத்து, குளிர்ந்த மோரோ பாலோ கொடுக்க வேண்டும். நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொடியை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் படரவிடுவது நல்லது.

கடலுக்குக் கொடுத்துவிட

தங்கல் கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குத் தேங்காய் போட்ட துவையல் ஆகாது, மறுநாளே ஊசிவிடும். அவர்களுக்குத் தொக்காகச் செய்து கொடுங்கள். பிரண்டையை மேலே சொன்ன மாதிரி வதக்கி, வறுத்த மிளகாய், பூண்டு, இரட்டிப்புப் புளி, உப்பு வைத்துத் தண்ணீர் படாமல் அரைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் அரைத்ததைப் போட்டு, சுருண்டு எண்ணெய் மேலே மிதக்கும் வரை கிளறுங்கள். ஒரு துண்டு கருப்பட்டி, பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி. முழுதாக ஆறிய பிறகு உலர்ந்த பாட்டிலில் அழுத்தி அடைத்து, மேலே ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கும்படி ஊற்றி மூடுங்கள். ஒரு வாரம் தாங்கும். பழையசோற்றுக்கும் கஞ்சிக்கும் அதுதான் தோது. ஈரக்கரண்டியை மட்டும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.